லேப்டாப்பில் ஆடியோ இன்டர்ஃபேஸும் வெளி டிரைவும்: எதை முதலில் செருகுவது, எங்கே செருகுவது

வீட்டில் பாட்டோ பேச்சோ பதிவு செய்யத் தொடங்குபவர்கள் வாங்கும் சாமான் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மைக், மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் இரண்டு உள்ளீட்டு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன், ஒரு ஜோடி ஸ்பீக்கர், பதிவுக்கு ஓர் எஸ்.எஸ்.டி., நகல் வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க். பெட்டியைப் பிரித்த கையோடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செருகிவிடுகிறார்கள். பிறகு ஒலியில் வெடிப்பு வருகிறது, 'ம்ம்ம்' என்று ஹம் அடிக்கிறது, பாட்டு நடுவில் டிரைவ் காணாமல் போகிறது. ஆறு சாமானில் எது காரணம் என்று பிடிக்கவே முடிவதில்லை.

உடனே லேப்டாப் வேகம் போதவில்லை என்று முடிவுகட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ டிராக்குக்கு நொடிக்கு 0.144 எம்.பி. போதும். எட்டு டிராக்கை ஒன்றாகப் பதிந்தாலும் நொடிக்கு 1.2 எம்.பி.யைத் தாண்டாது. பழைய ஹார்ட் டிஸ்க்கே இதைச் சிரமமில்லாமல் எழுதும். தகராறு பெரும்பாலும் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: போர்ட் கொடுக்கும் மின்சாரம், எர்த், செருகும் வரிசை. கீழே உள்ள படிகள் அந்த வரிசைக்காகவே. ஒரு படி சரியாக வேலை செய்கிறது என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

படிகள் விண்டோஸ் 10, 11-ஐ வைத்து எழுதியவை. மேக்கில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இன்டர்ஃபேஸோடும் எஸ்.எஸ்.டி.யோடும் வந்த கேபிள்களையே பயன்படுத்துங்கள். ஃபோன் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள்களில் பல யூ.எஸ்.பி. 2.0 வேகத்துக்கு மட்டுமே கம்பி போட்டவை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், டிரைவும் திறக்கும். ஆனால் காப்பி வேகம் நொடிக்கு 40 எம்.பி. அளவிலேயே நின்றுவிடும்.

மைக்குக்கு 3 முதல் 5 மீட்டர் எக்ஸ்.எல்.ஆர். கேபிள் ஒன்று. ஸ்பீக்கருக்கு இரண்டு டி.ஆர்.எஸ். கேபிள்: கால் அங்குல பின்னில் கறுப்பு வளையம் இரண்டு இருக்க வேண்டும். ஒரே வளையம் உள்ளது கிட்டார் கேபிள். அதிலும் ஒலி வரும், கூடவே இரைச்சலும் வரும். காரணம் 8-ஆம் படியில்.

எர்த் உள்ள மூன்று பின் பவர் ஸ்ட்ரிப் ஒன்று கட்டாயம். சுவரில் ஒரு பிளக், மேசைக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு பிளக் என்று பிரித்து எடுத்தால் பின்னால் ஹம்மோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இட அளவு: மேலே சொன்ன தரத்தில் இரண்டு டிராக் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜி.பி., எட்டு டிராக் சுமார் 4.1 ஜி.பி. பிடிக்கும். மறுபடி மறுபடி பாடிப் பதிவதையும் சேர்த்து இதைப் போல் நான்கு மடங்கு இடம் காலியாக வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

2. எந்தப் போர்ட்டில் எது

யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர். யூ.எஸ்.பி. 3.0 என்றால் 900. டைப்-சி போர்ட் லேப்டாப்பைப் பொறுத்து 3 ஆம்பியர் வரை தரலாம். உள்ளே நீல நிறம் இருந்தால் பெரும்பாலும் 3.0. எல்லா நிறுவனங்களும் நிறம் போடுவதில்லை, பக்கத்தில் 'எஸ்.எஸ்.' குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சின்ன ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் 1 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் அதையும் இன்டர்ஃபேஸையும் சேர்த்துச் செருகினால் இரண்டுக்கும் பத்தாது. டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வரும், டிரைவ் தோன்றி மறையும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப்போகும் முன் லேப்டாப்பில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

ஆகவே இன்டர்ஃபேஸ் லேப்டாப்பில் நேரடியாக. எஸ்.எஸ்.டி.யும் நேரடியாக, முடிந்தால் எதிர்ப்பக்கப் போர்ட்டில். மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ் போன்றவை ஹப்பில் போகட்டும். இரண்டே போர்ட் இருந்தால் மவுஸை விட்டுவிட்டு டச்பேடில் வேலை பாருங்கள்.

இரண்டு உள்ளீட்டு இன்டர்ஃபேஸ்களில் பெரும்பாலானவை யூ.எஸ்.பி. 2.0 சாதனங்களே. நீலப் போர்ட்டில் செருகுவதால் ஒலி தெளிவாகாது. மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும், அதற்காகச் செருகலாம். இன்னொரு பயமும் தேவையில்லாதது. 3.0 ஹப்பில் 2.0 சாதனத்துக்கும் 3.0 டிரைவுக்கும் தனித்தனிக் கம்பிப் பாதை உண்டு, ஒன்றின் வேகத்தை மற்றொன்று தின்னாது. ஹப்பில் போட்டி மின்சாரத்துக்குத்தான்.

வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரை 3.0 டிரைவுக்கு ஒட்டினாற்போல் செருக வேண்டாம். அந்த டிரைவும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும், மவுஸும் அதே அலைவரிசை. டிரைவ் ஓடும்போது மட்டும் அம்புக்குறி தத்தித் தத்திப் போனால் காரணம் இதுதான்.

3. டிரைவை முதலில் தயார் செய்யுங்கள்

ஒலிச் சாமான் எதையும் தொடாமல் டிரைவை மட்டும் செருகுங்கள். இதில் சிக்கல் இருந்தால் இப்போதே தனியாகத் தெரிந்துவிடும்.

விண்டோஸில் மட்டும் வேலை என்றால் என்.டி.எஃப்.எஸ். ஃபார்மட். மேக்குக்கும் விண்டோஸுக்கும் மாறி மாறிப் போகும் டிரைவ் என்றால் எக்ஸ்ஃபேட். மேக் தானாக என்.டி.எஃப்.எஸ். டிரைவைப் படிக்கும், அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட்டிலும் ஒரு பலவீனம் உண்டு. எழுதும் வேலை பாதியில் அறுந்தால் மீட்டெடுக்க உதவும் பதிவேடு அதில் கிடையாது, ஆகவே வெடுக்கென்று பிடுங்கினால் கோப்பு போகும் ஆபத்து கூடுதல். ஃபேட்32 வேண்டவே வேண்டாம். ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தொட்டால் எழுத மறுத்துவிடும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும் என்பதால் முதலில் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள்.

அடுத்தது, அநேகமாக எல்லோரும் விட்டுவிடும் வேலை. 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து டிரைவுக்கு ஒரு நிலையான எழுத்தைக் கொடுங்கள். ஆங்கில வரிசையில் கடைசிப் பக்கம் உள்ள எழுத்து, உதாரணமாக 'ஆர்', நல்லது. கொடுக்காவிட்டால் நேற்று 'இ' என்று வந்த டிரைவ், இடையில் ஒரு பென் டிரைவ் செருகியிருந்தால் இன்று 'எஃப்' என்று வரலாம். அப்போது பதிவு மென்பொருள் பழைய எழுத்தில் தேடிவிட்டு, கோப்புகளைக் காணோம் என்று சொல்லும். கோப்பெல்லாம் அப்படியே இருக்கும். பார்ப்பவருக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

இனி 5 ஜி.பி. அளவுள்ள கோப்பு ஒன்றைக் காப்பி செய்து பாருங்கள். எஸ்.எஸ்.டி.க்கு நொடிக்குச் சில நூறு எம்.பி. வர வேண்டும். 40-இல் நின்றால் கேபிளை மாற்றுங்கள், அப்புறம் போர்ட்டை.

ஹார்ட் டிஸ்க்கை நகலுக்கு மட்டும் வையுங்கள். வேகத்துக்காகச் சொல்லவில்லை. சுழலும் டிஸ்க்கின் ரீங்காரமும் அதிர்வும் மைக் ஸ்டாண்டு நிற்கும் மேசை வழியாகப் பதிவில் ஏறும். தம்புரா மட்டும் ஒலிக்கும் அமைதியான இடங்களில் ஹெட்ஃபோனில் கேட்டால் அது தெளிவாகத் தெரியும். பதிவு நேரத்தில் டிஸ்க் செருகப்படாமல் பையில் இருப்பதே உத்தமம்.

4. டிரைவர் மென்பொருள் முதலில், இன்டர்ஃபேஸ் பிறகு

இன்டர்ஃபேஸைச் செருகுவதற்கு முன் அதன் நிறுவனத் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான டிரைவரை (இன்டர்ஃபேஸோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருள்) இறக்கி நிறுவுங்கள். லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது செருகுங்கள். உங்கள் மாடலின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

மாற்றிச் செய்தால் விண்டோஸ் தன்னிடம் உள்ள பொது டிரைவரை மாட்டிவிடும். ஒலி வரும், அதனால் எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் பதிவு மென்பொருளில் 'ஏசியோ' (ஒலி அதிகத் தாமதமில்லாமல் போய்வர உதவும் டிரைவர் வகை) பட்டியலில் உங்கள் இன்டர்ஃபேஸ் பெயரே இருக்காது, பாடுவது காதுக்குத் தாமதமாக வரும். ஏற்கெனவே இப்படி ஆகிவிட்டதா? கேபிளை எடுங்கள், நிறுவனத்தின் டிரைவரை நிறுவுங்கள், ரீஸ்டார்ட் செய்து மறுபடி செருகுங்கள்.

'ஏசியோ ஃபார் ஆல்' என்ற இலவச மென்பொருளைப் பலர் பரிந்துரைப்பார்கள். சொந்த டிரைவர் இல்லாத சாதனங்களுக்கு அது நல்ல கைகொடுப்பு. நிறுவனத்தின் டிரைவர் இருக்கும்போது அதையும் சேர்த்து நிறுவினால் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம்தான் மிச்சம்.

மேக்கில் 'கோர் ஆடியோ' கூடவே வருவதால் இந்தப் படி அநேகமாகத் தேவைப்படாது. 'ஆடியோ மிடி செட்டப்' திறந்து பெயர் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

எந்தப் போர்ட்டில் முதலில் செருகினீர்களோ அதிலேயே எப்போதும் செருகுங்கள். போர்ட் மாறினால் விண்டோஸ் அதைப் புதுச் சாதனமாக எண்ணிப் பெயருக்கு முன் ஓர் எண்ணைச் சேர்க்கலாம், அப்போது பழைய அமைப்புகள் ஒட்டாது. போர்ட் பக்கத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

5. விண்டோஸ் அமைப்புகள்

மின்சாரம் மிச்சம் பிடிக்க விண்டோஸ் யூ.எஸ்.பி. போர்ட்டுகளைத் தூங்க வைக்கும். அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று இன்டர்ஃபேஸ் அறுந்துபோக இது ஒரு காரணம். 'பவர் ஆப்ஷன்ஸ்' உள்ளே மேம்பட்ட அமைப்புகளில் 'யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்துங்கள். 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, ஒவ்வொரு 'யூ.எஸ்.பி. ரூட் ஹப்'பிலும் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில் உள்ள டிக்கை எடுங்கள். 'பிரைவசி' பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதி திறந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது மூடியிருந்தால் கேபிள் எல்லாம் சரியாக இருந்தும் சில மென்பொருள்களில் வெறும் மௌனம்தான் பதிவாகும்.

விண்டோஸின் பொது ஒலி வெளியீடாக லேப்டாப் ஸ்பீக்கரையே வைத்திருங்கள். இன்டர்ஃபேஸைப் பதிவு மென்பொருளுக்குள் மட்டும் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பாடகர் ஹெட்ஃபோனில் ஆலாபனை நடுவே வாட்ஸ்அப் மணி அடிக்கும்.

பதிவு நேரத்தில் வைஃபையும் புளூடூத்தும் வேண்டாம். வைஃபை டிரைவர்கள் புராசஸரைச் சில மில்லி நொடி பிடித்து வைத்துக்கொள்வது ஒலி வெடிப்புக்கு அடிக்கடி காரணமாகிறது. 'லேட்டன்சிமான்' என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் தொல்லை தருகிறது என்று பெயரோடு காட்டும்.

6. மைக், ஹெட்ஃபோன், கடைசியில் ஸ்பீக்கர்

கெயின் திருகு (மைக் ஒலியை ஏற்றும் திருகு) முழுக்க இறங்கியிருக்க, 48 வோல்ட் பொத்தான் (மைக்குக்கு மின்சாரம் அனுப்புவது) அணைந்திருக்க, மைக்கைச் செருகுங்கள். கண்டென்சர் மைக் என்றால் பிறகு 48 வோல்ட்டைப் போட்டுச் சில நொடி கழித்துக் கெயினை ஏற்றுங்கள். கழற்றும்போது இதன் தலைகீழ்: கெயினை இறக்கி, 48 வோல்ட்டை அணைத்து, அரை நிமிடம் விட்டுக் கேபிளை எடுங்கள். மின்னழுத்தம் உடனே வடியாது. ஓடும்போதே பிடுங்கினால் ஹெட்ஃபோனில் வரும் 'படார்' சத்தம் காதைப் பதம் பார்க்கும். டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் தேவையில்லை. பழைய ரிப்பன் மைக்கை அது கெடுத்துவிடக்கூடும்.

பாடகர் உச்ச ஸ்தாயியில் பாடும் இடத்தை முழுக் குரலில் பாடச் சொல்லி, மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே வருமாறு கெயினை வையுங்கள். ஒத்திகையில் எல்லோரும் மெதுவாகப் பாடுவார்கள், பதிவில் குரல் ஏறும். 24 பிட்டில் அளவு குறைந்தால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். சிவப்பு விளக்கு எரிந்து உடைந்த ஒலியைத் திருத்தவே முடியாது.

வீணை, கிட்டார் பிக்கப்பை 'இன்ஸ்ட்' நிலையிலும் கீபோர்டை 'லைன்' நிலையிலும் செருகுங்கள். மாற்றிப் போட்டால் கீபோர்டு உடைந்து கேட்கும், பிக்கப் மங்கிக் கேட்கும்.

பலரைத் திணறடிக்கும் தவறு ஒன்று. கீபோர்டு அல்லது ஃபோனின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஸ்டீரியோ கேபிளை எடுத்து இன்டர்ஃபேஸின் ஒரே உள்ளீட்டில் செருகுவார்கள். பின் அளவு பொருந்தும். ஆனால் அந்த உள்ளீடு இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுக்கும். இடது வலது இரண்டிலும் சமமாக இருப்பது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாட்டில் குரல் மாயமாகிப் பின்னணி மட்டும் ஒல்லியாகக் கேட்டால் இதுதான் நடந்திருக்கிறது. ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரிக்கும் கேபிள் வாங்கி இரண்டு உள்ளீட்டில் செருகுங்கள்.

ஸ்பீக்கரை எல்லாம் முடிந்தபின் கடைசியாகப் போடுங்கள், முதலில் அணையுங்கள். இன்டர்ஃபேஸ் உயிர் பெறும்போதும் அணையும்போதும் வரும் 'தொப்' ஒலி ஸ்பீக்கர் கூம்புக்கு நல்லதல்ல.

7. சாம்பிள் ரேட், பஃபர்

சாம்பிள் ரேட் என்பது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்ற எண். இன்டர்ஃபேஸ், பதிவு மென்பொருள், விண்டோஸ் மூன்றிலும் ஒரே எண் இருக்கட்டும். வீடியோவுக்குப் போகும் என்றால் 48, ஒலி மட்டும் என்றால் 44.1 கிலோஹெர்ட்ஸ். 48-இல் பதிந்ததை 44.1 ஆக எண்ணி ஒலிக்கவிட்டால் பாட்டு 8 சதவீதம் மெதுவாகும், சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கும். தம்புராவை வைத்துப் பார்த்து 'பாடகர் சுருதி விலகிவிட்டார்' என்று நினைக்கும் முன் இதைப் பாருங்கள்.

கணினி ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துக் கையாளும் அளவுதான் பஃபர். அது 128 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு பக்கத் தாமதம் 2.7 மில்லி நொடி, 256 என்றால் 5.3, 1024 என்றால் 21. பதியும்போது 128-இல் ஆரம்பியுங்கள். வெடிப்பு வந்தால் 256. மிக்ஸ் செய்யும்போது 1024-க்குப் போங்கள், அப்போது தாமதம் யாருக்கும் பொருட்டல்ல.

இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் இருந்தால் பாடகர் தன் குரலைக் கணினிக்குள் போகாமலே கேட்கலாம். அதைப் போட்டால் மென்பொருளில் டிராக்கின் மானிட்டரை அணையுங்கள். இரண்டும் ஓடினால் குரல் இரட்டையாகக் கேட்டு, லயம் பிடிக்க முடியாமல் பாடகர் தவிப்பார்.

8. ஹம்மும் கீச்சொலியும்

முதல் சோதனை: சார்ஜரை லேப்டாப்பிலிருந்து கழற்றுங்கள். சத்தம் உடனே நின்றால் மைக்கும் இன்டர்ஃபேஸும் நிரபராதி, சார்ஜர் வழி வரும் எர்த் பிரச்சினை. இரண்டு பின் சார்ஜர்களில் லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் விரலில் மெல்லிய சுறுசுறுப்பு தெரியும். சார்ஜருக்குள்ளிருந்து கசியும் அந்தச் சிறு மின்னோட்டம் யூ.எஸ்.பி. கேபிள் வழியாக இன்டர்ஃபேஸுக்கும், அங்கிருந்து ஸ்பீக்கருக்கும் வழி தேடும்.

லேப்டாப், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். ஸ்பீக்கருக்கு டி.ஆர்.எஸ். கேபிள் போடுங்கள், எதிரெதிராகப் போகும் இரு கம்பிகளில் ஏறும் இரைச்சல் மறுமுனையில் தானே அடிபட்டுவிடும். பதிவின்போது பேட்டரியில் ஓட்டுவது எல்லாவற்றையும்விட எளிது. எர்த் பின்னை உடைத்தோ டேப் சுற்றியோ செருகும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஹம் நிற்கலாம், ஸ்பீக்கரில் கோளாறு ஏற்பட்டால் 230 வோல்ட் மைக்கின் உலோகத்தில் ஏறி, வாய் வைத்துப் பாடுபவரைத் தாக்கும். எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

கனத்த 'ம்ம்ம்' என்றால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். மவுஸை நகர்த்தும்போதும் டிரைவ் எழுதும்போதும் மாறுகிற மெல்லிய கீச்சொலி என்றால் யூ.எஸ்.பி. மின்சாரத்தில் கலந்த இரைச்சல். இரண்டாவதற்கு டிரைவையும் இன்டர்ஃபேஸையும் வேறு வேறு பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். தனி அடாப்டரில் ஓடும் இன்டர்ஃபேஸ் என்றால் அடாப்டரைப் போடுங்கள். லேப்டாப்புக்கும் இன்டர்ஃபேஸுக்கும் இடையே மின்தொடர்பைத் துண்டிக்கும் யூ.எஸ்.பி. ஐசொலேட்டர்களில், சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பல 12 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாதவை, இன்றைய இன்டர்ஃபேஸ்கள் பெரும்பாலும் 480 மெகாபிட்டில் ஓடுபவை. வாங்கும் முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

வீணை, கிட்டார் பிக்கப்பில் மட்டும் 'ஜ்ஜ்ஜ்' என்று வந்தால் ஃபேன் ரெகுலேட்டரையும் மங்கல் விளக்கு டிம்மரையும் அணைத்துப் பாருங்கள்.

9. கரண்ட் போனால்

லேப்டாப் பேட்டரியில் ஓடும், யூ.எஸ்.பி. மின்சாரத்தில் ஓடும் இன்டர்ஃபேஸும் எஸ்.எஸ்.டி.யும் கூடவே ஓடும். சாகப்போவது அடாப்டரில் ஓடும் ஹப்பும் அதில் செருகியவையும். சொந்த அடாப்டர் வேண்டிய பெரிய 3.5 அங்குல டிஸ்க்கும் அப்படித்தான். பதிவுக் கோப்பு அவற்றில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பாட்டு போயிற்று.

சார்ஜர் வழியாக லேப்டாப்புக்கும் மின்சாரம் அனுப்பும் டைப்-சி ஹப்பில் இன்னொரு பொறி உண்டு. சார்ஜர் அணைந்தாலும் வந்தாலும் ஹப் மின்சாரப் பேரத்தை மறுபடி தொடங்கும். பல ஹப்புகளில் அந்தக் கணத்தில் டிரைவ்கள் ஒரு நொடி அறுந்து ஒட்டும். கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது, கோப்பு உடைந்திருக்கும். ஒரே டைப்-சி போர்ட் உள்ள லேப்டாப் என்றால் பதிவை உள் டிரைவில் எழுதி, முடிந்தபின் வெளி டிரைவுக்கு மாற்றுங்கள். இடையில் சார்ஜரைத் தொடாதீர்கள்.

10. கழற்றும் வரிசை

ஸ்பீக்கரை அணையுங்கள். பதிவைச் சேமித்து மென்பொருளை முழுக்க மூடுங்கள். அது திறந்திருக்கும்வரை விண்டோஸ் டிரைவை விடாது. இப்போது ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, கோப்புறை முழுவதையும் நகலெடுங்கள். நகலில் இருக்கும் புராஜெக்டைத் திறந்து நடுவில் ஓரிடம் ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். சில மென்பொருள்கள் ஒலிக் கோப்புகளை வேறு கோப்புறையில் வைத்துவிட்டு வெறும் புராஜெக்ட் கோப்பை மட்டும் இங்கே வைத்திருக்கும். எஸ்.எஸ்.டி.யை 'சேஃப்லி ரிமூவ்' சொல்லி எடுத்துவிட்டு நகலைத் திறந்தால்தான் அது வெளிப்படும்.

பிறகு மென்பொருளை மூடி, ஹார்ட் டிஸ்க்கையும் 'சேஃப்லி ரிமூவ்' சொல்லி எடுங்கள். 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1809 முதல் சொல்லாமல் எடுக்கும்படியான அமைப்பே இயல்பாக இருக்கிறது என்றாலும், எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்குவதிலிருந்து அது காப்பாற்றாது. டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், திறந்திருக்கும் கோப்புறைச் சாளரங்களை மூடிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, விளக்கு அணைந்தபின் கேபிளை எடுங்கள். 48 வோல்ட்டை அணைத்து அரை நிமிடம் விட்டு மைக்கை எடுக்க வேண்டும் என்பதால், அதை டிரைவ் நகலாகும் நேரத்திலேயே செய்துவிடலாம்.